என்.எஃப்.எல். ஆனர்ஸ்: முதன்முறை பார்ப்பவருக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்கன் ஃபுட்பாலை இப்போதுதான் பார்க்கத் தொடங்கியிருக்கிறீர்கள் என்றால், பிப்ரவரியில் ஒரு குழப்பம் கட்டாயம் வரும். வியாழக்கிழமை இரவு என்.எஃப்.எல். ஆனர்ஸ் என்ற விருது விழாவில் ஒருவரை மேடையேற்றி, இந்த சீசனின் எம்.வி.பி., அதாவது மிக மதிப்புமிக்க வீரர் இவர்தான் என்று கொண்டாடுவார்கள். அடுத்த ஞாயிறு சூப்பர் பவுல் என்ற இறுதிப் போட்டி நடக்கும். பல ஆண்டுகளில் அந்த ஆட்டத்தில் அந்த எம்.வி.பி. இருக்கவே மாட்டார். அவருடைய அணி சில வாரங்களுக்கு முன்பே, தோற்றால் வெளியே என்ற பிளேஆஃப் சுற்றில் தோற்று வெளியேறியிருக்கும்.

முதல் ஆண்டு எனக்கும் இது பிடிபடவில்லை. இறுதிப் போட்டிக்கே வராதவர் எப்படிச் சிறந்த வீரர் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, இந்த விழாவைப் புரிந்துகொள்ள ஒவ்வொரு விருதிடமும் இரண்டு கேள்வி கேட்டால் போதும் என்று. இதை முடிவு செய்தது யார்? எப்போது முடிவு செய்தார்கள்? இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் அந்த இரண்டு மணி நேரமும் தெளிவாகிவிடும். அதற்கு எப்படித் தயாராவது என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: விழா எது, எப்போது என்று தெரிந்துகொள்ளுங்கள்

அமெரிக்காவின் தொழில்முறை ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல்.லில் 32 அணிகள் உள்ளன. அந்த லீக் ஆண்டுக்கொருமுறை நடத்தும் விருது விழாதான் என்.எஃப்.எல். ஆனர்ஸ். முதல் விழா 2012 பிப்ரவரி 4 அன்று இண்டியானாபொலிஸ் நகரில் நடந்தது. அதற்கு முன்பும் எம்.வி.பி. விருது இருந்தது. ஆனால் ஜனவரி மாதத்தில் ஒவ்வொரு விருதும் ஒவ்வொரு நாளில் செய்தியாக வெளிவரும். அவற்றையெல்லாம் ஒரே மேடைக்குக் கொண்டுவந்ததுதான் 2012இல் நடந்த மாற்றம்.

சூப்பர் பவுல் எந்த நகரத்தில் நடக்கிறதோ அங்கேயேதான் இந்த விழாவும். முன்பெல்லாம் சூப்பர் பவுலுக்கு முந்தைய நாள் சனிக்கிழமை நடந்தது. 2022 முதல் அந்த வாரத்து வியாழக்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள். 2023இல் ஃபீனிக்ஸ், 2024இல் லாஸ் வேகஸ், 2025இல் நியூ ஆர்லியன்ஸ். நியூ ஆர்லியன்ஸ் விழாவை நடத்திக்கொடுத்தவர் ராப் பாடகர் ஸ்னூப் டாக்.

அந்த ஆண்டுகளில் ஒளிபரப்பு அமெரிக்கக் கிழக்கு நேரப்படி இரவு 9 மணிக்குத் தொடங்கியது. நியூ ஜெர்சியிலும் டொரான்டோவிலும் அதே 9 மணிதான். கலிஃபோர்னியாவில் மாலை 6. இந்தியாவிலும் இலங்கையிலும் வெள்ளிக்கிழமை காலை 7.30, சிங்கப்பூர், மலேசியாவில் காலை 10. லண்டனில் நள்ளிரவு தாண்டி 2 மணி. நேரலையில் பார்க்க முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். என்.எஃப்.எல்.லின் யூடியூப் சானலில் ஏற்புரைகள் துண்டு துண்டாக வந்துவிடும். நான் பல ஆண்டுகள் அப்படித்தான் பார்த்தேன்.

இரண்டாம் படி: ஆட்டத்தில் இவ்வளவு தெரிந்தால் போதும்

விதிகள் எல்லாம் தெரிய வேண்டியதில்லை. களத்தில் ஒரு அணிக்கு 11 பேர். பந்தை வைத்திருக்கும் அணி ஆஃபென்ஸ், தடுக்கும் அணி டிஃபென்ஸ். கிரிக்கெட்டில் பேட் செய்தவரே ஃபீல்டிங்கும் செய்வார். இங்கே அப்படியில்லை. ஆஃபென்ஸுக்கு ஒரு கூட்டம், டிஃபென்ஸுக்கு வேறொரு கூட்டம். பந்து கை மாறினால் இந்த 11 பேரும் வெளியே வந்து, அந்த 11 பேர் உள்ளே போவார்கள். விருதுகள் ஆஃபென்ஸுக்கு ஒன்று, டிஃபென்ஸுக்கு ஒன்று என்று பிரிந்திருப்பதற்கு இதுதான் காரணம்.

ஆஃபென்ஸில் ஒவ்வொரு முயற்சியையும் தொடங்குபவர் குவாட்டர்பேக். பந்தை எறிவதா, பக்கத்தில் ஓடுகிறவரிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று இரண்டு மூன்று விநாடிக்குள் அவர் முடிவெடுக்க வேண்டும். ரன்னிங் பேக் பந்தைச் சுமந்துகொண்டு ஓடுபவர். ரிசீவர் எறிந்த பந்தைப் பிடிப்பவர். குவாட்டர்பேக் பந்தை எறிவதற்குள் அவரை மடக்கி வீழ்த்தினால் அதற்கு சாக் என்று பெயர். டிஃபென்ஸ் வீரர்களின் புகழ் பெரும்பாலும் அதில்தான். இந்த நான்கு சொற்களும் பழகிவிட்டால் மேடையில் பேசுவதில் முக்கால்வாசி புரியும்.

மூன்றாம் படி: நாள்காட்டியைப் பிடியுங்கள்

ஆரம்பத்தில் சொன்ன குழப்பம் இங்கேதான் தீரும், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

செப்டம்பர் தொடக்கத்தில் ரெகுலர் சீசன் ஆரம்பம். 18 வாரங்களில் ஒவ்வொரு அணியும் 17 ஆட்டம் ஆடும். ஜனவரி முதல் வாரத்தையொட்டி அது முடியும். 14 அணிகள் பிளேஆஃபுக்குப் போகும். பிப்ரவரியில் சூப்பர் பவுல்.

எம்.வி.பி. உட்பட முக்கியமான எட்டு விருதுகளுக்கு வாக்களிப்பவர்கள் அசோசியேட்டட் பிரஸ் என்ற செய்தி நிறுவனம் தேர்ந்தெடுத்த 50 பேர். லீக்கைத் தொடர்ந்து பார்த்து எழுதும், பேசும் ஊடகக்காரர்கள். ரெகுலர் சீசன் முடிந்ததும், பிளேஆஃப் தொடங்குவதற்கு முன்பே அவர்கள் வாக்குச்சீட்டைக் கொடுத்துவிட வேண்டும். பிளேஆஃபில் ஒருவர் வானத்தை வளைத்தாலும் சரி, சொதப்பினாலும் சரி, விருது மாறாது. முடிவு பெட்டிக்குள் போய் ஒரு மாதம் கழித்துத்தான் உறையைப் பிரிக்கிறார்கள்.

ஆக, இந்த விழா செப்டம்பரிலிருந்து ஜனவரி வரை நடந்த நீண்ட உழைப்புக்கான தீர்ப்பு. சூப்பர் பவுல் ஒரு இரவுக்கான தீர்ப்பு. இரண்டும் ஒருவருக்கே கிடைப்பது அபூர்வம். 1999 சீசனில் கர்ட் வார்னர் எம்.வி.பி. ஆகி சூப்பர் பவுலையும் வென்றார். அதற்கப்புறம் 2022 சீசனில் பேட்ரிக் மஹோம்ஸ் வரும்வரை வேறு யாருக்கும் அது வாய்க்கவில்லை. சூப்பர் பவுல் முடிந்ததும் களத்திலேயே கொடுக்கப்படும் சூப்பர் பவுல் எம்.வி.பி. முற்றிலும் வேறு விருது. புதியவர்கள் அதிகம் குழம்புவது இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. சூப்பர் பவுலுக்குப் போன இரண்டு அணிகளும் வியாழக்கிழமை இரவு ஆட்டத்துக்கான தயாரிப்பில் இருக்கும். அதனால் ஒரு வெற்றியாளர் மேடைக்கு வராமல் காணொளியில் நன்றி சொன்னால் அது அலட்சியம் இல்லை.

நான்காம் படி: விருதுகளை ஒவ்வொன்றாக அறியுங்கள்

எம்.வி.பி.யில் தொடங்கலாம். அசோசியேட்டட் பிரஸ் இதை 1957 முதல் கொடுத்துவருகிறது. அந்த முதல் விருது ஜிம் பிரௌன் என்ற ரன்னிங் பேக்குக்கு. இன்று நிலைமை வேறு. 2012 சீசனில் ஏட்ரியன் பீட்டர்சன் வென்ற பிறகு 2024 சீசன் வரை குவாட்டர்பேக் அல்லாத ஒருவரும் இதைத் தொடவில்லை. பீட்டர்சன் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். 2011 டிசம்பரில் முழங்கால் தசைநார் கிழிந்தது. அடுத்த சீசனில் திரும்பி வந்து, சீசன் முழுக்கச் சேர்த்துப் பந்தோடு 2,097 யார்டு ஓடினார். எரிக் டிக்கர்சன் 1984இல் வைத்த 2,105 யார்டு சாதனைக்கு எட்டு யார்டுதான் குறைவு. குவாட்டர்பேக் அல்லாத ஒருவர் எம்.வி.பி. ஆக அந்த அளவுக்கு ஓட வேண்டியிருந்தது.

டிஃபென்ஸ் வீரர்களில் இதுவரை இரண்டே பேர்: 1971இல் ஆலன் பேஜ், 1986இல் லாரன்ஸ் டெய்லர். 1982இல் மார்க் மோஸ்லி என்ற கிக்கர், பந்தை உதைப்பதற்காக மட்டும் களத்துக்கு வருபவர், எம்.வி.பி. ஆனார். வீரர்களின் வேலைநிறுத்தத்தால் ஒன்பது ஆட்டமாகச் சுருங்கிய சீசன் அது. அதிக முறை வென்றவர் பெய்டன் மேனிங், ஐந்து முறை. அடுத்தவர் ஆரன் ராட்ஜர்ஸ், நான்கு முறை.

எம்.வி.பி. இப்படி குவாட்டர்பேக்குகளின் சொத்தாகிவிட்டதால், சிறந்த ஆஃபென்ஸ் வீரர் விருது மற்றவர்களுக்கான இடமாக மாறிவிட்டது. 2019 முதல் 2024 வரையிலான ஆறு சீசன்களிலும் அது ரன்னிங் பேக்குக்கோ ரிசீவருக்கோதான் போனது. 2024 சீசனில் பிலடெல்ஃபியா ஈகிள்ஸின் சாக்வான் பார்க்லி 2,005 யார்டு ஓடி அதை வென்றார். டிக்கர்சனின் சாதனை எட்டும் தூரத்தில் இருந்தும், பிளேஆஃபை மனதில் வைத்து கடைசி ஆட்டத்தில் அவருக்கு ஓய்வு கொடுத்தார்கள். ஈகிள்ஸ் அந்த ஆண்டு சூப்பர் பவுலை வென்றது. எம்.வி.பி.க்கும் இந்த விருதுக்கும் உள்ள வேறுபாட்டை எந்த விதிப்புத்தகமும் வரையறுக்கவில்லை, வாக்காளர்களின் பழக்கம்தான் வரையறுக்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. மதிப்பு என்ற சொல் ஒரு இடத்துக்கு மட்டும் உரியதாகக் கூடாது.

சிறந்த டிஃபென்ஸ் வீரர் விருதை லாரன்ஸ் டெய்லர், ஜே.ஜே. வாட், ஆரன் டோனல்ட் ஆகியோர் தலா மூன்று முறை வென்றிருக்கிறார்கள். முதல் ஆண்டு ஆடும் வீரர்களை ரூக்கி என்பார்கள். அவர்களுக்கும் ஆஃபென்ஸில் ஒன்று, டிஃபென்ஸில் ஒன்று. 2023 சீசனில் இந்த இரண்டையும் ஹூஸ்டன் டெக்சன்ஸ் அணியின் இருவரே பெற்றார்கள், சி.ஜே. ஸ்ட்ரௌடும் வில் ஆண்டர்சனும்.

பயிற்சியாளர் விருதைப் பார்க்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். லீக்கிலேயே சிறந்த கோச் யார் என்று அந்த விருது சொல்வதில்லை. எதிர்பார்த்ததைவிட அதிகம் சாதித்த அணியின் கோச் யார் என்றுதான் சொல்கிறது. கான்சஸ் சிட்டி சீஃப்ஸை மூன்று முறை சூப்பர் பவுல் வெல்லவைத்த ஆண்டி ரீடுக்கு அசோசியேட்டட் பிரஸ் விருது கிடைத்தது 2002இல், அவர் ஈகிள்ஸில் இருந்தபோது. சீஃப்ஸுக்கு வந்த பிறகு அவர் வெல்லவேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள், அதனால் வென்றது யாருக்கும் வியப்பாக இல்லை. 2014 முதல் உதவிப் பயிற்சியாளருக்கும் தனி விருது உண்டு. அதைக் கவனியுங்கள், தலைமைப் பயிற்சியாளராகப் போகிறவர்களின் பெயர் பல நேரம் அங்கேதான் முதலில் கேட்கும்.

ஐந்தாம் படி: புள்ளிக்கணக்கைப் படிக்கப் பழகுங்கள்

மீண்டு வந்த வீரருக்கான கம்பேக் விருதை மேலே சொல்லாமல் விட்டதற்குக் காரணம், வாக்குமுறையை விளக்க அதைவிட நல்ல உதாரணம் இல்லை.

2022 சீசனிலிருந்து வாக்காளர்கள் ஒரு பெயரை மட்டும் எழுதுவதில்லை, வரிசைப்படுத்துகிறார்கள். எம்.வி.பி.க்கு ஐந்து பெயர். முதலிடத்துக்கு 10 புள்ளி, பிறகு 5, 3, 2, 1. மற்ற விருதுகளுக்கு மூன்று பெயர்: 5, 3, 1.

2023 ஜனவரி 2 அன்று சின்சினாட்டியில் பஃபலோ பில்ஸ் அணியின் டமார் ஹாம்லின் எதிராளியை மடக்கிவிட்டு எழுந்து நின்றார். அடுத்த கணம் சரிந்தார். இதயம் நின்றுவிட்டது. மருத்துவக் குழு களத்திலேயே அவருடைய இதயத்தை மீட்டது. ஆட்டம் நிறுத்தப்பட்டு, பின்னர் ரத்தானது. ஒரு மாதம் கழித்து ஃபீனிக்ஸ் விழாவில், தன்னைக் காப்பாற்றிய மருத்துவக் குழுவினரோடு ஹாம்லின் மேடையில் வந்து நின்றார். இந்த விழாவின் காட்சிகளில் ஒன்றை மட்டும் பார்க்க நேரம் இருந்தால் அதைப் பாருங்கள். அடுத்த சீசனில் அவர் மீண்டும் களத்திலும் இறங்கினார்.

அதே சீசனில் ஜோ ஃப்ளாக்கோ என்ற குவாட்டர்பேக் எந்த அணியும் எடுக்காததால் வீட்டில் இருந்தார். வயது 38. நவம்பரில் கிளீவ்லேண்ட் பிரௌன்ஸ் அவரை அழைத்தது. அவர் தொடங்கிய ஐந்து ரெகுலர் சீசன் ஆட்டங்களில் நான்கை வென்று அணியைப் பிளேஆஃபுக்குக் கொண்டுபோனார்.

வாக்கெண்ணிக்கை இதோ. ஹாம்லினுக்கு முதலிடம் 21, இரண்டாமிடம் 7, மூன்றாமிடம் 14. கூட்டினால் 140. ஃப்ளாக்கோவுக்கு முதலிடம் 13தான், ஆனால் இரண்டாமிடம் 26, மூன்றாமிடம் 8. கூட்டினால் 151. முதலிட வாக்குகள் குறைவாக இருந்தும் ஃப்ளாக்கோ வென்றார். எட்டு வாக்காளர்கள் ஹாம்லினை மூன்று பெயருக்குள் எழுதவே இல்லை என்பதையும் இந்தக் கணக்கு காட்டிவிடுகிறது. பெரிய வாதம் கிளம்பியது. அடுத்த சீசனில், நோய், காயம் போன்ற காரணங்களால் ஆட முடியாமல் போய் மீண்டவருக்கே இந்த விருது என்று அசோசியேட்டட் பிரஸ் வாக்காளர்களுக்குத் தெளிவுபடுத்தியது. அந்த ஆண்டு வென்றவர், முந்தைய சீசனில் மணிக்கட்டுக் காயத்தால் பாதியில் நின்ற ஜோ பர்ரோ. ஃப்ளாக்கோமீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் 2023இல் என் வாக்கு ஹாம்லினுக்குத்தான் போயிருக்கும்.

அதே ஆண்டு கோச் விருதில் கிளீவ்லேண்டின் கெவின் ஸ்டெஃபான்ஸ்கியும் ஹூஸ்டனின் டிமெக்கோ ரையன்ஸும் தலா 165 புள்ளியில் சமமாக நின்றார்கள். முதலிட வாக்கு 21க்கு 20 என்று இருந்ததால் விருது ஸ்டெஃபான்ஸ்கிக்கு. 2024 எம்.வி.பி.யில் ஜாஷ் ஆலன் 383, லமார் ஜாக்சன் 362. இத்தனைக்கும் ஜனவரியில் இதே 50 பேர் தேர்ந்தெடுத்த, ஒவ்வொரு இடத்துக்கும் சீசனின் சிறந்த வீரரைச் சொல்லும் ஆல்-ப்ரோ அணியில் முதல் குவாட்டர்பேக் ஜாக்சன்தான். ஆல்-ப்ரோ பட்டியல் விழாவுக்கு முன்பே வெளியாகும். யார் வெல்வார் என்று ஊகிக்க அது நல்ல துப்பு, உறுதியான துப்பு இல்லை.

ஒரு பயிற்சி சொல்கிறேன். ஜனவரி பிற்பகுதியில் ஒவ்வொரு விருதுக்கும் இறுதிப் பட்டியல் வரும். ஒரு தாளில் உங்கள் ஐந்து பேரை வரிசையாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எழுதியவுடன் விழா உங்களுடையதாகிவிடும். நான்காவது இடத்துக்கு யாரை வைப்பது என்று நீங்கள் யோசிக்கும் அந்த அரை மணி நேரத்தில் ஆட்டத்தைப் பற்றிக் கற்பது நிறைய.

ஆறாம் படி: 50 பேர் கையில் இல்லாத இரண்டு விஷயங்கள்

விழாவில் ஸ்பான்சர்கள் பெயரில் பல சிறு விருதுகள் வரும். சில ரசிகர் வாக்கில், சில வெறும் எண்ணிக்கையில் முடிவாகும். அவற்றைக் கடந்துபோகலாம். நேர்மையான ஆட்டத்துக்கான ஆர்ட் ரூனி விருதை மட்டும் கவனியுங்கள், அதற்கு வாக்களிப்பது சக வீரர்கள்.

கவனமாகப் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, ஹால் ஆஃப் ஃபேம் எனப்படும் ஃபுட்பால் புகழ் மண்டபத்தின் புதிய பட்டியல். ஓஹாயோ மாநிலம் கேன்டன் நகரில் இருக்கும் அந்த மண்டபத்தில் இடம் கிடைத்தால் தங்க நிற கோட்டும், காலத்துக்கும் நிற்கும் வெண்கல மார்பளவுச் சிலையும் கிடைக்கும். வீரர்கள் ஓய்வுபெற்று ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகே பெயர் பரிசீலனைக்கு வரும். தேர்வுக் குழுவில் 80 சதவீத ஆதரவு வேண்டும். 2025இல் தேர்வானவர்கள் நான்கே பேர். அதில் ஒருவர் ஸ்டெர்லிங் ஷார்ப். கழுத்துக் காயத்தால் 1994 சீசனோடு அவருடைய ஆட்டம் முடிந்துபோனது. தம்பி ஷானன் ஷார்ப் 2011இலேயே உள்ளே போய்விட்டார். தன் குடும்பத்தில் தான் இரண்டாவது சிறந்த வீரர்தான் என்று அன்றைய உரையிலேயே சொல்லியிருந்தார் ஷானன். அண்ணனின் பெயர் அழைக்கப்பட அதற்கு மேலும் 14 ஆண்டுகள் ஆயின.

இரண்டாவது, வால்டர் பேட்டன் மேன் ஆஃப் தி இயர் விருது. என்னைக் கேட்டால் எம்.வி.பி.யைவிடப் பெரியது. களத்தில் ஆடியதற்கும் ஊருக்குச் செய்ததற்கும் சேர்த்துக் கொடுப்பது. 1970 முதல் இருக்கிறது. சிகாகோ பேர்ஸின் ரன்னிங் பேக் வால்டர் பேட்டன் தானே 1977இல் இதை வென்றவர். கல்லீரல் நோயோடு போராடிய கடைசி மாதங்களில் உடலுறுப்பு தானத்துக்காகக் குரல் கொடுத்துவிட்டு, 1999 நவம்பரில் 45 வயதில் இறந்தார். அதற்குப் பிறகு விருதுக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது.

டிசம்பரில் 32 அணிகளும் ஒவ்வொருவரை முன்மொழியும். அவர்கள் ஹெல்மெட்டில் அதற்கான ஒரு ஸ்டிக்கர் இருக்கும். முன்பு வென்றவர்களின் சட்டையில் ஒரு சிறு அடையாளம் தைத்திருக்கும். டிசம்பர் ஆட்டங்களில் அதைத் தேடிப் பாருங்கள். 2017இல் வென்றவர் ஜே.ஜே. வாட். ஹார்வி புயல் ஹூஸ்டனை மூழ்கடித்தபோது 2 லட்சம் டாலர் திரட்டலாம் என்று தொடங்கினார். 3 கோடியே 70 லட்சம் டாலரைத் தாண்டியது. அந்த சீசனில் கால் எலும்பு முறிந்து அவர் ஐந்து ஆட்டம்தான் ஆடினார்.

கடைசியாக, விழா முடிந்த பின்

எம்.வி.பி. பெரும்பாலும் இறுதியில்தான் வரும், அதனால் பாதியில் எழுந்துவிடாதீர்கள். முடிந்ததும் அசோசியேட்டட் பிரஸ் முழு வாக்கு அட்டவணையை வெளியிடும். உங்கள் தாளை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கே நீங்கள் 50 பேரோடு ஒத்துப்போனீர்கள், எங்கே விலகினீர்கள் என்று குறித்துக்கொண்டு, விலகிய இடத்துக்கான காரணத்தை ஒரு வரியில் எழுதி வையுங்கள். செப்டம்பரில் அடுத்த சீசன் தொடங்கும்போது அந்தத் தாள் உதவும். அதுவரை, ஞாயிறு இரவு சூப்பர் பவுல் இருக்கிறது. இந்தியாவில் திங்கள் காலை 5 மணிக்கு.